வயிற்று நீர் வடிந்த பிறகு: ஷண்ட் சிகிச்சையும் இரத்தக்கட்டியும்

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ ஒருவருக்கு வயிறு வீங்கி, ‘ஈரல் பழுதாகிவிட்டது’ என்று வைத்தியசாலையில் சொல்லிவிட்டால், ஊர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “குடிப்பாரா?”

மதுவைத் தொட்டே பார்த்திராத வாப்பாவின் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் பல வீடுகளில் நோயின் பெயரே வெளியே வருவதில்லை. “வயித்துல தண்ணி கட்டியிருக்கு” என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. என்ன நோய், என்ன சிகிச்சை, அதற்குப் பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்ற விபரங்களும் அந்த மௌனத்தோடு சேர்ந்து மறைந்துபோகின்றன.

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி விடயத்தைப் பற்றியது. மாத்திரைக்கும் அடங்காமல் வயிற்றில் மீண்டும் மீண்டும் நீர் சேரும் சிலருக்கு ‘ஷண்ட்’ என்ற சிகிச்சை செய்யப்படுகிறது. நீர் போவதற்கு உடலுக்குள்ளேயே ஒரு மாற்றுவழி அமைக்கும் சிகிச்சை இது. வயிறு வற்றியதும் நோய் தீர்ந்துவிட்டதாகவே வீட்டார் நினைக்கிறார்கள். ஆனால், அந்த வழியில் இரத்தம் கட்டி உறைந்து அடைத்துக்கொள்ளலாம். வேறொரு நாளத்திலும் கட்டி உருவாகலாம். சில வேளைகளில் இதற்கு நேர்மாறாக, இரத்தம் உறையவே முடியாத நிலைகூட வரலாம். இவற்றில் பெரும்பாலானவை நேரத்தோடு கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடியவை. நேரத்தோடு கண்டுபிடிப்பதுதான், பெரிய ஈரல் சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளியிருக்கும் ஒரு கரையோர ஊருக்குக் கடினமாக இருக்கிறது.

முதலில் அந்தக் கேள்விக்குப் பதில்

மது ஈரலைக் கெடுக்கும் என்பது உண்மை. மது மட்டுமே ஈரலைக் கெடுக்கும் என்பது உண்மையல்ல. கொழும்புக்கு வடக்கே ராகமையில் 35 முதல் 64 வயது வரையான சுமார் 3,000 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2009இல் வெளியானது. அவர்களில் 32.6 சதவீதமானோருக்கு, மதுவுடன் தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் நோய் இருந்தது. அதாவது மூன்றில் ஒருவருக்கு. நீரிழிவு, உடற்பருமன், இரத்தத்தில் அதிக கொழுப்பு ஆகியவைதான் இதன் கூட்டாளிகள். சோறும் இனிப்பும் அதிகம், நடையும் உடலுழைப்பும் குறைவு என்று மாறிவிட்ட எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

கொழுப்பு படிந்த எல்லா ஈரல்களும் பழுதாவதில்லை. ஆனால், ஒரு பகுதியினரில் பல ஆண்டுகளாக மெல்லிய அழற்சி தொடர்ந்து, ஈரலில் வடு விழுந்து, கடைசியில் ஈரல் கட்டிதட்டிச் சுருங்கிவிடுகிறது. இதைத்தான் ‘சிரோசிஸ்’ என்கிறோம். ஹெப்படைட்டிஸ் பி, சி வைரசுகள், உடலின் எதிர்ப்புச் சக்தி ஈரலையே தாக்கும் நோய்கள், சில பரம்பரை நோய்கள் ஆகியவையும் இதே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஆகவே, வீங்கிய வயிற்றைப் பார்த்து ஒருவரின் ஒழுக்கத்தை அளவிட முடியாது.

நீர் எங்கிருந்து வருகிறது?

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் இரத்தம் ‘ஈரல் வாயினாளம்’ என்ற பெரிய நாளத்தின் வழியாக ஈரலுக்குள் போகிறது. ஆரோக்கியமான ஈரல் பஞ்சு போன்றது. இரத்தம் இலகுவாக ஊடுருவிச் சென்று, மறுபக்கத்தில் ஈரல் நாளங்கள் வழியாக இதயத்துக்குப் போய்விடும். வடு விழுந்த ஈரலில் அந்த வழி இறுகிவிடுகிறது. வாய்க்காலின் மதகை அரைவாசி மூடினால் மேல்பக்கத்தில் தண்ணீர் ஏறுவதைப் போல, ஈரலுக்கு முன்னால் அழுத்தம் ஏறுகிறது.

இந்த அழுத்தத்தால் நாளங்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றறைக்குள் தேங்குகிறது. சிறுநீரகமோ உடலில் நீர் குறைந்துவிட்டதாகத் தவறாக எண்ணி, உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. பழுதான ஈரல் அல்புமின் என்ற புரதத்தைப் போதிய அளவு உற்பத்தி செய்யாததால், நீரை இரத்தத்துக்குள் பிடித்து வைக்கும் சக்தியும் குறைகிறது. பழைய சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் மகோதரம் என்று அழைத்த நிலை இது. புற்றுநோய், இதய பலவீனம், காசநோய் போன்றவையும் வயிற்றில் நீரைச் சேர்க்கலாம் என்பதால், நீரை ஊசியால் எடுத்துப் பரிசோதிப்பது முக்கியம்.

சிகிச்சையின் முதல் படி உப்பைக் குறைப்பது. ஒரு நாளைக்கு சுமார் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு உப்புக்கு மேல் போகக்கூடாது என்பதே பொதுவான அறிவுறுத்தல். கருவாடும் ஊறுகாயும் மாசிச் சம்பலும் இல்லாமல் சோறு இறங்காத எங்கள் கரையோரத்தில் இது சிறிய விடயமல்ல. ஒரு துண்டு கருவாடே அந்த நாளுக்குரிய உப்பில் பெரும்பங்கைக் கொடுத்துவிடும். அடுத்த படி, சிறுநீரை அதிகரிக்கும் ஸ்பைரோனோலக்டோன், ஃபியூரோசமைட் போன்ற மாத்திரைகள். பெரும்பாலானோருக்கு இந்த இரண்டு படிகளிலேயே நீர் கட்டுப்படும்.

ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கட்டுப்படாது. மாத்திரையைக் கூட்டினால் சிறுநீரகம் பாதிக்கும், குறைத்தால் வயிறு ஏறும். அவர்களுக்கு சில வாரங்களுக்கு ஒரு முறை வயிற்றில் ஊசி வைத்து லீற்றர் கணக்கில் நீரை வடிக்க வேண்டியிருக்கும். ஒரே தடவையில் 5 லீற்றருக்கு மேல் எடுத்தால், எடுக்கும் ஒவ்வொரு லீற்றருக்கும் 6 முதல் 8 கிராம் வரை அல்புமினை நாளத்தில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் இரத்த ஓட்டம் தளர்ந்து சிறுநீரகம் செயலிழக்கலாம். இப்படியான கட்டத்தில்தான் வைத்தியர்கள் ஷண்ட் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள்.

இரண்டு வகை மாற்றுவழிகள்

‘ஷண்ட்’ என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு சிகிச்சைகள் அழைக்கப்படுகின்றன. எது செய்யப்பட்டது என்று தெரிந்து வைத்திருப்பது அவசியம். ஏனெனில், ஒவ்வொன்றிலும் இரத்தக்கட்டி வரும் விதம் வேறு.

முதலாவது பழையது. அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஹரி லெவீன் 1974இல் அறிமுகப்படுத்தியது. வயிற்றறையிலிருந்து தோலுக்கு அடியால் ஒரு மெல்லிய குழாயைக் கொண்டுபோய், கழுத்து நாளத்தின் வழியாக இதயத்துக்கு அருகில் விடுவார்கள். வயிற்று நீர் நேராக இரத்தத்தில் கலந்துவிடும். நடுவில் உள்ள வால்வு இரத்தம் திரும்பி வராமல் தடுக்கும். பின்னர் வந்த ‘டென்வர்’ வகையில், தோலுக்கு அடியில் சிறிய அறை ஒன்று இருக்கும். நோயாளர் அதை விரலால் அமுக்கி அடைப்பு வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

எளிமையான, புத்திசாலித்தனமான யோசனை. ஆனால், எதிர்பார்த்த அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. 1989இலும் 1991இலும் வெளியான இரண்டு பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளில், மற்றைய சிகிச்சைகளோடு பார்க்கும்போது இந்தக் குழாய் ஆயுளைக் கூட்டவில்லை என்று தெரிந்தது. அடைப்பும் தொற்றும் இரத்த உறைவுக் கோளாறும் தொடர்ந்து தொல்லை கொடுத்தன. இன்று இது பெரும்பாலும் புற்றுநோயால் நீர் கட்டியவர்களுக்கும், வேறு வழியே இல்லாதவர்களுக்கும் மட்டுமே செய்யப்படுகிறது.

இரண்டாவது, இன்று பரவலாகச் செய்யப்படும் ‘டிப்ஸ்’. இதில் வயிற்றைக் கீறுவதில்லை. கழுத்து நாளத்தில் ஊசித்துளை போட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி கம்பியையும் குழாயையும் ஈரல் நாளம் வரை கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து ஈரலின் சதையைக் குடைந்து ஈரல் வாயினாளத்தை அடைந்து, இரண்டையும் இணைக்கும் ஒரு வலைக்குழாயை, அதாவது ஸ்டென்டை, வைத்துவிடுகிறார்கள். அதன் விட்டம் 8 முதல் 10 மில்லிமீற்றர்தான். ஆனால், இறுகிய ஈரலைச் சுற்றிப் போக இரத்தத்துக்கு ஒரு புறவழிச்சாலை கிடைத்துவிடுகிறது. அழுத்தம் இறங்குகிறது, நீர் சேர்வது வாரக்கணக்கில் குறைந்துகொண்டு வருகிறது. இப்படி ஸ்டென்ட் வைத்து ஒரு மனிதருக்கு முதன்முதலில் 1988இல் ஜேர்மனியின் ஃப்ரைபேர்க் நகரில் செய்யப்பட்டது.

சரியான நோயாளரைத் தெரிவுசெய்தால் இதன் பலன் பெரியது. 2017இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், டிப்ஸ் செய்யப்பட்டவர்களில் 93 சதவீதமானோர் ஈரல் மாற்றுச் சிகிச்சை இல்லாமலே ஒரு வருடத்தின் பின் உயிரோடு இருந்தார்கள். ஊசியால் நீர் வடித்து, அல்புமின் ஏற்றப்பட்டவர்களில் இது 52 சதவீதம். ஆனால், அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் கவனமாகத் தெரிவுசெய்யப்பட்ட 62 பேர் மட்டுமே. மஞ்சள் காமாலை அதிகம் உள்ளவர்கள், இதயம் பலவீனமானவர்கள், அடிக்கடி மூளைக் குழப்பம் வருபவர்கள் ஆகியோருக்கு டிப்ஸ் நன்மையை விடத் தீமையையே செய்யலாம். “அவருக்குச் செய்தார்கள், எங்கட உம்மாவுக்கு ஏன் செய்யவில்லை” என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இதுதான்.

‘இரத்தம் தண்ணியாத்தானே இருக்கு’

ஈரல் நோயாளர்களின் குடும்பங்களில் வேரூன்றிய ஒரு நம்பிக்கை உண்டு. இரத்தப் பரிசோதனையில் ‘ஐ.என்.ஆர்’ கூடியிருக்கிறது, குருதிச் சிறுதட்டுகள் குறைந்திருக்கின்றன, எனவே இரத்தம் உறையாது, ஆகையால் கட்டி வராது. வைத்திய உலகமும் நீண்ட காலம் இப்படித்தான் நம்பியது. இன்று அது தவறு என்று தெளிவாகத் தெரியும்.

இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் பெரும்பாலானவற்றை ஈரல்தான் உருவாக்குகிறது. ஈரல் பழுதானால் அவை குறைகின்றன. ஐ.என்.ஆர் காட்டுவது இந்தக் குறைவைத்தான். ஆனால், இரத்தம் தேவையில்லாமல் உறையாமல் தடுக்கும் புரதம் சி, அன்டித்ரொம்பின் போன்றவற்றையும் அதே ஈரல்தான் உருவாக்குகிறது. அவையும் சேர்ந்தே குறைகின்றன. அதை ஐ.என்.ஆர் காட்டுவதில்லை. தராசின் இரண்டு தட்டிலிருந்தும் எடை எடுத்தால் முள் நடுவில்தான் நிற்கும். ஆனால், அது ஆட்டங்காணும் நடு. ஒரு சிறிய தொற்று, உடலில் நீர்ச்சத்துக் குறைவு, ஒரு சத்திரசிகிச்சை, இவற்றில் ஏதாவதொன்று போதும். தராசு இரத்தப்போக்கின் பக்கமும் சாயலாம், கட்டியின் பக்கமும் சாயலாம்.

ஜேர்மனிய வைத்தியர் ருடோல்ஃப் விர்கோவின் பெயரால் வைத்திய மாணவர்கள் இன்றும் மனனம் செய்யும் மூன்று காரணங்கள் உண்டு. இரத்த ஓட்டம் மந்தமாவது, நாளத்தின் சுவர் காயப்படுவது, இரத்தத்தின் உறையும் தன்மை மாறுவது. சிரோசிஸ் நோயாளரின் ஈரல் வாயினாளத்தில் ஓட்டம் ஏற்கெனவே மந்தம். ஷண்ட் செய்யும்போது நாளத்தின் சுவர் குடையப்படுகிறது. உறையும் தன்மையோ ஏற்கெனவே தளம்பிக்கொண்டிருக்கிறது. மூன்றும் ஒரே உடலில் கூடிவிடுகின்றன.

கட்டி எங்கே, எப்படி?

டிப்ஸ் செய்தவர்களில் முதலாவது இடம் ஸ்டென்டின் உள்பகுதி. செய்த முதல் நாட்களில், வாரங்களில் அதனுள் இரத்தம் உறைந்து அடைக்கலாம். ஈரலைக் குடையும்போது பித்தக்குழாயும் சிறிது கிழிந்து, பித்தம் ஸ்டென்டுக்குள் கசிவது இதற்கு ஒரு காரணம். மாதங்கள் கடந்தபின் வரும் அடைப்பு வேறு வகை. ஸ்டென்டின் உட்புறம் மெல்ல மெல்லத் திசு வளர்ந்து வழியைக் குறுக்குகிறது. ஓட்டம் மந்தமானதும் அங்கே கட்டி சேரலாம்.

ஆரம்பத்தில் பயன்படுத்தப்பட்ட வெறும் கம்பிவலை ஸ்டென்டுகளில் இந்தப் பிரச்சினை மிக அதிகம். பின்னர் செயற்கைத் துணி போன்ற பொருளால் உறையிடப்பட்ட ஸ்டென்டுகள் வந்தன. 2004இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் வெறும் ஸ்டென்ட் வைத்தவர்களில் 44 சதவீதமானோருக்கும், உறையிட்டது வைத்தவர்களில் 13 சதவீதமானோருக்கும் ஷண்ட் செயல் குறைந்தது. பெரிய முன்னேற்றம். ஆனாலும் அபாயம் முற்றாகப் போகவில்லை. “எந்த வகை ஸ்டென்ட் வைத்தீர்கள்?” என்று வைத்தியரிடம் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

இரண்டாவது இடம் ஈரல் வாயினாளமும் அதன் கிளைகளும். மூன்றாவது, நீண்ட நாள் படுக்கையில் இருப்பவர்களின் கால் நாளங்கள். அங்கே உருவாகும் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

பழைய வகைக் குழாயில், குழாயின் நுனி நிற்கும் நெஞ்சின் மேற்பகுதிப் பெருநாளத்தில் கட்டி உருவாகலாம். அப்போது முகமும் கழுத்தும் கையும் வீங்கும். இந்த வகைக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. வயிற்று நீரில் இரத்தத்தை உறையத் தூண்டும் பொருட்கள் இருக்கின்றன. அவை திடீரெனப் பெருமளவில் இரத்தத்தில் கலந்தால் உடல் முழுவதும் நுண்ணிய கட்டிகள் உருவாகி, உறையவைக்கும் புரதங்களும் சிறுதட்டுகளும் தீர்ந்துபோகும். விளைவு, ஊசி குத்திய இடத்திலும் மூக்கிலும் முரசிலும் நிற்காத இரத்தம். கட்டியில் தொடங்கி இரத்தப்போக்கில் முடியும் நிலை இது. இதைத் தவிர்க்கவே, குழாய் வைப்பதற்கு முன்பு வயிற்று நீரில் பெரும்பகுதியை வெளியே எடுத்துவிடுவது வழக்கமானது. அப்படியும் வந்தால் குழாயை உடனே அடைக்கவோ அகற்றவோ வேண்டும்.

நோய்க்கே காரணம் கட்டியானால்

சிலருக்குக் கதை தலைகீழ். ஈரலில் வடு விழுந்து நீர் கட்டவில்லை. ஈரலிலிருந்து இரத்தம் வெளியேறும் நாளங்களில் கட்டி அடைத்ததால் ஈரல் வீங்கி நீர் கட்டியது. ‘பட்–கியாரி’ நோய் என்பது இதுதான். இளவயதினரிலும் இது வரும். பிறவியிலேயே இரத்தம் அதிகம் உறையும் தன்மை, எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் அளவுக்கு மீறி உருவாகும் நோய்கள், கர்ப்பகாலம், சில கருத்தடை மாத்திரைகள் ஆகியவை இதற்குப் பின்னால் இருக்கலாம்.

இவர்களுக்கும் டிப்ஸ் செய்யப்படுவதுண்டு. ஆனால், முதல் நாளத்தை அடைத்த அதே காரணம் உடலில் இன்னும் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. அதனால் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை இவர்கள் நீண்டகாலம், பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டியிருக்கும். வயிறு வற்றிவிட்டது, உடம்பு தேறிவிட்டது என்று மருந்தைத் தாங்களாகவே நிறுத்துவது, கட்டப்பட்ட புறவழிச்சாலையைத் தாங்களே மூடுவதற்குச் சமம். மறுபுறத்தில், சாதாரண சிரோசிஸில் டிப்ஸ் செய்த எல்லோருக்கும் இந்த மருந்து தேவைப்படுவதில்லை. பக்கத்து வீட்டாரின் மருந்துச் சிட்டையைப் பார்த்து முடிவெடுக்க முடியாத இடம் இது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

அடைப்பின் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியல்ல. வற்றியிருந்த வயிறு மீண்டும் ஏறுவதுதான். ஒவ்வொரு நாள் காலையிலும் சிறுநீர் கழித்த பின்பு, ஒரே தராசில் எடை பார்த்து ஒரு கொப்பியில் குறித்து வைப்பது வீட்டில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை. சில நாட்களுக்குள் இரண்டு, மூன்று கிலோ ஏறினால் அது சோற்றின் எடையல்ல. அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வேறு சில அறிகுறிகளுக்கு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். திடீரென மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி. ஒரு கால் மட்டும் வீங்கி நோவது. முகம், கழுத்து, கை வீக்கம். தாங்க முடியாத வயிற்றுவலி. காய்ச்சல். இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம். கண் திடீரென மஞ்சளாவது. இவற்றுக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கத் தயங்கக்கூடாது.

இன்னொன்று, கட்டியோடு தொடர்பில்லாவிட்டாலும் டிப்ஸ் செய்த மூவரில் ஒருவருக்கு வரக்கூடியது. ஈரலைத் தொடாமல் புறவழியில் போகும் இரத்தம் குடலின் கழிவுப் பொருட்களையும் சேர்த்து மூளைக்குக் கொண்டுபோகிறது. நோயாளர் பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார், பெயரை மறப்பார், தொழுகையில் ரக்அத் கணக்குத் தவறும், காரணமில்லாமல் கோபப்படுவார். இது வயதின் தடுமாற்றமோ கண்ணேறோ அல்ல. உடனே சிகிச்சை தேவைப்படும், பெரும்பாலும் மருந்தால் திரும்பக்கூடிய நிலை.

வலிக்குத் தாமாக டைக்ளோஃபெனக், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைப் பார்மசியில் வாங்கிப் போடுவது சிறுநீரகத்தையும் வயிற்றையும் ஒருசேரப் பாதிக்கும். உறைவெதிர்ப்பு மருந்து எடுப்பவருக்கு இது இரட்டை ஆபத்து. ஈரலுக்கு நல்லது என்று யாரோ சொன்ன கஷாயமும் அப்படித்தான்.

ஊசியின் மூலமும் நோன்பும்

எங்கள் ஊர்களில் எழுகின்ற, ஆனால் வாட்டில் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் ஒரு கேள்வி உண்டு. கட்டியைத் தடுக்கப் போடப்படும் ஹெப்பரின், எனொக்சபரின் ஊசிகள் எதிலிருந்து வருகின்றன? இன்று உலகில் பயன்படுத்தப்படும் ஹெப்பரினில் பெரும்பகுதி பன்றியின் குடல் சவ்விலிருந்துதான் பிரித்தெடுக்கப்படுகிறது. இதைச் சொல்லாமல் மறைப்பதால் பயனில்லை. பாதி கேள்விப்பட்ட ஒருவர் யாரிடமும் சொல்லாமல் ஊசியைத் தவிர்ப்பதுதான் ஆகக்கூடிய ஆபத்து.

கேட்டால் வழிகள் உண்டு. ஃபொண்டபரினக்ஸ் என்ற ஊசி முற்றிலும் செயற்கையாகத் தயாரிக்கப்படுவது. வார்ஃபரின், ரிவரொக்சபான், அபிக்சபான் ஆகிய மாத்திரைகளின் மருந்துப் பொருளும் விலங்கிலிருந்து வருவதல்ல. ஆனால், ஈரல் அல்லது சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு இவற்றில் சில பொருந்தாது. ஐ.என்.ஆர் ஏற்கெனவே கூடியிருக்கும் ஒருவருக்கு வார்ஃபரின் அளவைச் சரிபார்ப்பதும் சிக்கலானது. தகுந்த மாற்று இல்லாமல் உயிராபத்து இருக்கும்போது நிர்ப்பந்தத்தின் அடிப்படையில் அனுமதி உண்டு என்பது இஸ்லாமிய சட்ட அறிஞர்களிடையே பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட நிலைப்பாடு. சந்தேகம் இருந்தால் வைத்தியரிடமும் நம்பிக்கையான ஆலிம் ஒருவரிடமும் வெளிப்படையாகக் கேட்பதே முறை. அல்புமின் பற்றியும் இதே சந்தேகம் எழுவதுண்டு. அது மனித இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பெறப்படுவது.

றமழானும் அப்படித்தான். பகல் முழுவதும் தண்ணீர் இல்லாமல் இருப்பதும், நேரம் பிசகாமல் எடுக்க வேண்டிய மருந்தைத் தள்ளிப்போடுவதும் இந்த நோயாளர்களுக்கு ஆபத்தானவை. நீர்ச்சத்துக் குறைவு கட்டிக்கும் வழிசெய்யும், மூளைக் குழப்பத்துக்கும் வழிசெய்யும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை நினைவூட்ட வேண்டியது வீட்டாரின் பொறுப்பு.

தூரம் என்ற நோய்

ஷண்ட் வேலை செய்கிறதா என்று பார்க்க மீண்டும் ஊசித்துளை போடத் தேவையில்லை. டொப்ளர் ஸ்கான் போதும். வயிற்றின் மேல் ஸ்கான் கருவியை வைத்து, ஸ்டென்டுக்குள் இரத்தம் ஓடும் வேகத்தையும் திசையையும் பார்க்கலாம். உறையிட்ட ஸ்டென்டுகளில் முதல் சில நாட்களுக்குச் சிக்கியிருக்கும் காற்று படத்தை மறைக்கும் என்பதால், அவசரம் இல்லாவிட்டால் ஒரு வாரத்தின் பின்பே முதல் ஸ்கான் எடுப்பார்கள். பிறகு சில மாதங்களுக்கு ஒரு முறை, அதன் பின் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை என்று தொடரும். ஓட்டம் குறைந்திருந்தால், மீண்டும் கழுத்து வழியாகச் சென்று கட்டியை உறிஞ்சி எடுக்கலாம், பலூனால் விரிக்கலாம், இன்னொரு ஸ்டென்ட் வைக்கலாம். முற்றாக அடைத்துப் பல மாதங்கள் ஆகிவிட்டால் இந்த வேலை மிகவும் கடினமாகிவிடும்.

இங்கேதான் இடம் குறுக்கே நிற்கிறது. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. சுமார் 40 கிலோமீற்றரில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஆனால், டிப்ஸ் செய்வதற்கு அதற்கான விசேட எக்ஸ்ரே கூடமும், பயிற்சி பெற்ற இடையீட்டுக் கதிரியல் நிபுணரும், பின்னால் நிற்க ஈரல் சிகிச்சைப் பிரிவும் வேண்டும். ஆகவே கொழும்பு, ராகமை, கண்டி என்றோ, காணி, நகை விற்றுச் சென்னை, வேலூர் என்றோ குடும்பங்கள் புறப்படுகின்றன. சிகிச்சை அங்கே முடிகிறது. கண்காணிப்பு இங்கே தொடர வேண்டும். வயிறு வற்றியவருக்கு மறுபடியும் இரவு பஸ்ஸில் எட்டு, ஒன்பது மணித்தியாலங்கள் உட்கார்ந்து கொழும்புக்குப் போகும் காரணம் புரிவதில்லை. முதல் கிளினிக்கைத் தவறவிடுகிறார், பிறகு இரண்டாவதையும். அடுத்த முறை அவர் வருவது வீங்கிய வயிற்றோடு.

ஆனால், ஸ்கானுக்காகக் கொழும்புக்குப் போக வேண்டும் என்பதில்லை. டொப்ளர் வசதியும் கதிரியல் வைத்தியரும் உள்ள அருகிலுள்ள வைத்தியசாலையிலேயே அதை எடுத்து, அறிக்கையை மட்டும் சிகிச்சை செய்த பிரிவுக்கு அனுப்பலாம். அதற்கு வீடு திரும்பும் நாளிலேயே சில விடயங்களை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். செய்யப்பட்டது எந்த வகை ஷண்ட், எந்தத் திகதியில், என்ன அளவு ஸ்டென்ட்? செய்த உடனே அழுத்தம் எவ்வளவால் குறைந்தது? உறைவெதிர்ப்பு மருந்து தேவையா, தேவையென்றால் எவ்வளவு காலம்? முதல் டொப்ளர் எப்போது, அதை எங்கே எடுக்கலாம்? அவசரமென்றால் எந்தப் பிரிவை, எந்த இலக்கத்தில் அழைப்பது? இந்தியாவில் சிகிச்சை பெற்றவர்கள் படங்கள் அடங்கிய சீடீயையும் கொண்டுவர வேண்டும். ஸ்டென்ட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஸ்கான் செய்யும் வைத்தியர் இருட்டில் தேடுகிறார்.

குடும்பங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். மீதி, சுகாதாரத் துறை செய்ய வேண்டியது. தேசிய மட்டத்திலுள்ள ஈரல் பிரிவுகளுக்கும் கிழக்கின் வைத்தியசாலைகளுக்கும் இடையில் இந்த நோயாளர்களைக் கூட்டாகப் பார்க்கும் ஓர் ஒழுங்கு இருந்தால், பெரிய இயந்திரமோ புதிய கட்டடமோ இல்லாமலே பல ஷண்டுகளைக் காப்பாற்றலாம். திகதி குறித்த ஒரு தொடர்கண்காணிப்பு அட்டை, தமிழில் அச்சிட்ட அறிகுறிப் பட்டியல், அறிக்கை அனுப்ப ஒரு தொலைபேசி இலக்கம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, அடைபட்ட ஒரு ஸ்டென்டைத் திறக்கும் செலவில் சிறு பகுதிகூட வராது.

ஊரும் ஒன்றைச் செய்யலாம். “குடிப்பாரா?” என்று கேட்பதற்குப் பதிலாக, “அடுத்த ஸ்கான் எப்ப, ஆர் கூட்டிப் போறது?” என்று கேட்கலாம்.